புளிப்புக் கரண்டி

பாகம்மா முதன்முதலில் வேலைக்குப் போன மிட்டாய்த் தொழிற்சாலையில் பேசாமல் இருப்பதுதான் குற்றம். மற்ற இடங்களில் "என்ன அங்க பேச்சு?" என்று அதட்டுவார்கள். அங்கே நேர்மாறு. நீள மேசையின் இருபுறமும் பதினெட்டுப் பெண்கள் உட்கார்ந்து மிட்டாய்க்குத் தாள் சுற்றுவார்கள். சலசலவென்று சத்தம் வந்துகொண்டே இருக்க வேண்டும். ஏதாவது ஒரு மூலையில் சத்தம் அடங்கினால் மேற்பார்வைக்காரி அந்தப் பக்கம் திரும்பி, "யாரு வாயில இருக்கு? துப்பு" என்பாள். பேசுகிற வாய் மெல்லாது என்பது அந்தக் கம்பெனியின் எழுதாத சட்டம்.

அதுவரை வீட்டில் வாயில்லாப் பூச்சி என்று பேர் எடுத்திருந்தவள், பத்தொன்பது வயதில், சம்பளத்துக்காகப் பேசக் கற்றுக்கொண்டாள். முதல் வாரம் பேச ஒன்றுமே கிடைக்காமல் வீட்டிலிருந்து வரும் வழியில் உள்ள கடைகளின் பெயர்ப்பலகைகளை வரிசையாகச் சொன்னாள். இரண்டாம் வாரம் அந்தக் கடைக்காரர்களின் குடும்ப விவகாரம். மூன்றாம் மாதம் அவள் பேசினால் எதிரே இருப்பவள் தாள் சுற்ற மறந்துபோவாள்.

அடுப்பு அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. பெரிய செப்புச் சட்டி, அதன் முன்னால் பாகு மாஸ்டர். சர்க்கரையும் தண்ணீரும் குளுக்கோஸும் கொதிக்கிற சத்தத்தைத் திரும்பிப் பார்க்காமலே மூன்று வருடம் கேட்டாள். முதலில் தொளதொளவென்று பெரிய கொப்புளங்கள், மழைத் தண்ணீர் குழாயில் இறங்குகிற மாதிரி. தண்ணீர் வற்ற வற்றக் கொப்புளம் சிறுத்து, சத்தம் கனத்து, கடைசியில் யாரோ கெட்டிக் கூழை மெதுவாகக் கிளறுகிற மாதிரி 'பொத் பொத்' என்று வரும். அந்தப் 'பொத்'துக்கு அப்புறம் எண்ணிப் பத்து வினாடிக்குள் சட்டியை இறக்கிவிட்டால் மிட்டாய் கண்ணாடி மாதிரி உடையும். பதினைந்து ஆனால் நிறம் ஏறிவிடும். இருபது ஆனால் கழுவி ஊற்ற வேண்டியதுதான்.

மாஸ்டர் மகள் கல்யாணத்துக்கு லீவில் போன வாரம், அவருக்குப் பதிலாக நின்ற ஆள் அடுத்தடுத்து இரண்டு சட்டி கெடுத்தார். மூன்றாவது சட்டியின்போது பாகம்மா தாள் சுற்றிக்கொண்டே, திரும்பாமல், "இறக்குங்க" என்றாள். ஆள் இறக்கவில்லை. "அண்ணே, இறக்குங்கன்றேன்." அவர், "நீ காகிதத்தைச் சுத்தும்மா" என்றார். சொல்லி முடிப்பதற்குள் கருகல் வாடை மேசைக்கு வந்துவிட்டது. நாலாவது சட்டியில் அவர் வாயைத் திறக்காமல் அவள் குரலுக்காகக் காத்திருந்தார். அடுத்த மாதம் அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள்.

அதற்கப்புறம் அவளுக்கு முகம் அடுப்புப் பக்கம்தான். கல்யாணம் ஆகி, தனியாகக் கடை போட்டு, முன்பக்கம் கண்ணாடி ஜாடிகளும் பின்பக்கம் பட்டறையுமாக இருபத்தேழு வருடம் ஓடிவிட்டது. பாகு காய்ச்சுகிறவள் என்பதால் 'பாகம்மா' ஆனது, வீட்டில் வைத்த பெயரை ரேஷன் அட்டையில் மட்டும் விட்டுவைத்தது.

புருஷன் பஸ் டிரைவர். ஓட்டுவதை விட்டு ஆறு வருடம் ஆகியும் தெருவுக்கு அவர் டிரைவர்தான். அவர் விட்ட விதத்தைப் பற்றித் தெருவில் இன்னும் பேசுவார்கள். ஒரு நாள் மத்தியானம் எதிரே வருகிற வண்டியின் நம்பர் தெரியவில்லை. டிப்போவுக்குப் போய், சாவியை மேசைமேல் வைத்து, "கண்ணு மங்கிடுச்சு சார், இனிமே நாப்பது பேரை ஏத்திக்கிட்டுப் போக மாட்டேன்" என்று சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். யாரும் கேட்கவில்லை, யாரும் புகார் சொல்லவில்லை. ஓய்வுக்கு இரண்டு வருடம் மீதி இருந்தது.

பட்டறையில் இன்னொருத்தி, டிரைவரின் தங்கை. கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள். தாள் சுற்றுகிற மேசை அவள் ராஜ்யம். தொழிற்சாலைச் சட்டத்தைப் பாகம்மா இந்த மேசைக்கும் கொண்டுவந்தபோது நாத்தனாருக்கு அது சட்டமாகவே படவில்லை. மூச்சு விடு என்று சொன்ன மாதிரி இருந்தது. தெருவில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். காலையில் ஷட்டர் தூக்கும்போது ஆரம்பித்தால் இறக்கும்போதுதான் ஓயும். ரேடியோ திடீரென்று நின்றால் பாகம்மா அடுப்பிலிருந்தே, "முழுங்கிட்டுப் பேசு" என்பாள்.

"நான் என்ன அண்ணி தின்னேன்?"

"எது தின்னியோ அது இடது கன்னத்துல இருக்கு."

பாகம்மா அப்படியில்லை. அவள் மிட்டாய் தின்று யாரும் பார்த்ததில்லை. பாகின் பதத்துக்குக் காது போதும், அதற்கு மேலும் சந்தேகம் இருந்தால் ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு, விரலால் எடுத்து, ஒடித்துப் பார்ப்பாள். நாக்கு வேலைக்கு வருவது ஒரே இடத்தில். சட்டியை இறக்கி, எண்ணெய் தடவிய சலவைக்கல்மேல் பாகைக் கொட்டி, அது மடிக்கிற பதத்துக்கு ஆறினதும் எலுமிச்சை உப்பைத் தூவி மடிப்பாள். ஓரத்தில் ஒரு துணுக்கைக் கத்தரித்து நாக்கு நுனியில் வைத்து எடுப்பாள். போதாவிட்டால் இன்னும் ஒரு சிட்டிகை. அந்த உப்புக்கென்று ஒரு சின்னப் பித்தளைக் கரண்டி உண்டு. காம்பில் துளையிட்டுக் கயிறு கட்டி, தன் ஏப்ரனில் மாட்டியிருப்பாள். புளிப்புக் கரண்டி. அதை நாத்தனார் கையில் ஒருநாளும் கொடுத்ததில்லை.

அந்த மழைக்காலத்தின் ஆரம்பத்தில் பாகம்மாவுக்கு ஒன்பது நாள் காய்ச்சல். பத்தாம் நாள் எழுந்து டீ குடித்தாள். வெந்நீர் மாதிரி இருந்தது. சர்க்கரை போட்டாள், வெந்நீர்தான். ஒரு சிட்டிகை உப்பை நாக்கில் வைத்தாள். மணல். ஷெல்ஃபில் இருந்த எசென்ஸ் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்தாள். எல்லாம் காற்று.

யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டாள். சாதா மிட்டாய்க்கு அளவு கைக்குத் தெரியும், ஓடியது. இரண்டு மூன்று நாள், இரண்டு மூன்று வாரம் ஆனது. டாக்டர், "வந்தா வரும், வராமலும் போகலாம், வயசு அம்பத்திரண்டு ஆகுது இல்ல?" என்று கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். அதையும் வீட்டில் சொல்லவில்லை. டிரைவரிடம் சொன்னால் அவர் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். ஒன்றும் சொல்லமாட்டார், சும்மா பார்ப்பார். சாவியை மேசைமேல் வைத்த மனுஷன்.

இந்த நேரம் பார்த்து மருந்துக்கடைக்காரர் வந்தார்.

அடுத்த கடை. மெலிந்த, கிண்டல் பிடித்த மனுஷன். இருபது வருடமாக இருவரும் ஒருவரை ஒருவர் சீண்டிக்கொண்டு ஒரே சுவரைப் பங்கு போட்டிருந்தார்கள்.

"பாகம்மா, இருமல் மிட்டாய் செய்வியா? மழை வந்துடுச்சு, ஊரே இருமுது. கம்பெனிக்காரன் அனுப்புறது சோப்பு மாதிரி இருக்குன்னு ஜனங்க திட்டுறாங்க."

"உங்க கசப்புக்கு நான் சர்க்கரை பூசணுமாக்கும்."

"பூசினவங்கதானே நீங்க? ஆதியில சர்க்கரையே எங்க பெட்டியிலதான் இருந்துச்சு, தெரியுமா? மருந்து நிறுக்கிற தராசுல துளித்துளியா நிறுத்துக் கொடுப்போம். கசப்பு மாத்திரைக்குச் சர்க்கரை உருட்டுறதுக்குன்னு ஒரு ஆளை வச்சோம். அந்த ஆளு ஒருநாள் மாத்திரையைத் தூக்கிப் போட்டுட்டு வெறும் சர்க்கரையை உருட்டி வித்தான். அவன்தான் உங்க பாட்டன். நாங்க வேலைக்கு வச்ச ஆளு."

"வேலைக்கு வச்ச ஆளு ஏன் போனான்? உங்க கடையில உட்கார்ந்தா வர்றவன் எல்லாம் மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டு வந்தான். எங்க கடைக்கு வர்றவன் யாராவது நோயோட வர்றானா சொல்லுங்க. பசின்னு கூட வர்றதில்ல. ஆசைப்பட்டு மட்டும்தான் வர்றான்."

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல" என்று சிரித்தபடி ஒரு கறுப்பு பாட்டிலை வைத்தார். ஏதோ வேரின் சாறு. "சனிக்கிழமை காலையில ஒரு ஜாடி மாதிரிக்குக் கொடு. கசப்பு தெரியணும், இல்லன்னா மருந்துன்னு நம்பமாட்டாங்க. முகம் சுளிக்கக் கூடாது, இல்லன்னா ரெண்டாவது தடவை வாங்கமாட்டாங்க. புளிப்பு அந்த ரெண்டுக்கும் நடுவுல. நல்லா வந்துச்சுன்னா மழைக்காலம் முழுக்க உன் சரக்குதான்."

அவர் போனதும் பாகம்மா பாட்டிலைத் திறந்து, விரலில் தொட்டு, நாக்கில் வைத்தாள். வழவழப்பு மட்டும் தெரிந்தது. கையைத் துடைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை அடுப்பைப் பற்றவைத்தாள். பாகு எப்போதும் போல வந்தது. காது சொன்னது, இறக்கினாள். கல்மேல் கொட்டி, வேர்ச்சாறு ஊற்றி மடித்தாள். புளிப்புக் கரண்டியை எடுத்தாள். ஒரு கரண்டி. சாதா மிட்டாய்க்கு அது கணக்கு. கசப்புக்கு மேலே நிற்க அது போதுமா? துணுக்கைக் கத்தரித்து நாக்கில் வைத்தாள், பழக்கத்தில். வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. இன்னொரு கரண்டி போட்டாள். நாத்தனார் மேசையிலிருந்து யார் வீட்டிலோ தண்ணீர்த் தொட்டி வெடித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாகம்மாவுக்கு ஆறட்டும் என்று காத்திருக்கப் பொறுமை இல்லை. நிச்சயத்துக்கு என்று மூன்றாவதாக ஒரு கரண்டியையும் சூட்டோடு தூவி மடித்துவிட்டாள்.

மறுநாள் காலையில் ஜாடியைத் திறந்ததும் கண்ணுக்கே தெரிந்துவிட்டது. மிட்டாய்கள் வியர்த்திருந்தன. ஒன்றோடொன்று ஒட்டி, ஜாடிக்குள் ஒரே கட்டியாக, மழையில் நனைந்த கூட்டம் மாதிரி நின்றன. புளிப்பு உப்பு அளவுக்கு மேல், அதுவும் சூட்டில் போனால் சர்க்கரை இறுகாது, இளகி அழும். முதல் வருடம் வேலைக்கு வருகிறவர்கள் செய்கிற தப்பு.

ஜாடியை மூலையில் தள்ளி வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள். திரும்பி வரும்போது ரேடியோ நின்றிருந்தது.

"முழுங்கிட்டுப் பேசு" என்றாள் பழக்கத்தில்.

நாத்தனார் கண்ணில் தண்ணீர் நிற்க, இரண்டு கன்னத்தையும் உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துப்பினாள். தண்ணீர் குடித்தாள்.

"அண்ணி, பல்லு கூசுது, காது கூசுது, முடி கூட கூசுது. இத நீங்க நாக்குல வச்சுப் பார்த்தீங்களா?"

"வச்சேன்."

"வச்சிட்டா இத ஜாடியில போட்டீங்க?"

பாகம்மா அடுப்புப் பக்கம் திரும்பினாள். நாத்தனாருக்கு ஒரு குணம் உண்டு. ஊர்க்கதை பேசும்போது எல்லாவற்றையும் பெரிதாக்குவாள், வீட்டுக் கதை என்றால் குரலைத் தணித்துவிடுவாள். எழுந்து வந்து, பக்கத்தில் நின்று, "எத்தனை நாளா?" என்றாள்.

"காய்ச்சல் விட்டதுல இருந்து."

"ஒண்ணுமே தெரியலையா?"

"சூடு தெரியுது, குளிர் தெரியுது. மத்ததெல்லாம் அட்டை மாதிரி இருக்கு."

"அடப்பாவமே. என் குழம்பை நேத்து நல்லா இருக்குன்னு சொன்னீங்களே?"

"எல்லா நாளும் அப்படித்தானே சொல்றேன்."

நாத்தனார் ஒரு கணம் யோசித்து, அதற்குள் ஒளிந்திருந்த குத்தல் புரிந்து, "இந்த நிலைமையிலும் வாய் குறையல பாரு" என்றாள். பிறகு, "அண்ணன்கிட்ட சொல்லணும் அண்ணி" என்றாள்.

சொல்ல வேண்டியிருக்கவில்லை. டிரைவர் வாசற்படியில் தாள் கட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

அவர் கட்டை மேசைமேல் வைத்தார். பாகம்மா பயந்தது போலவே அவளைப் பார்த்தார். "அப்போ என்ன செய்யப் போற?" என்றார்.

"நீங்க சாவியைக் கொடுத்தீங்க. நானும் கொடுக்கணும்னு பார்க்குறீங்க."

"நான் அப்படிச் சொல்லலையே."

"மனசுல சொன்னீங்க. எனக்குக் கேட்டுச்சு."

"சரி, சொல்றேன். கண்ணு இல்லாம வண்டி ஓட்டக் கூடாதுன்னா, நாக்கு இல்லாம மிட்டாய் செய்யலாமா? வாங்குறவன் உன்னை நம்பித்தானே வாயில போடுறான்."

அந்தக் கேள்வியை மூன்று வாரமாகத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, பதிலில்லாமல் இருந்தவள்தான். இன்னொருவர் வாயிலிருந்து கேட்டதும் கோபம் வந்தது, கோபத்தோடு பதிலும் வந்தது.

"நீங்க கண்ணால ஓட்டுனீங்க. நான் நாக்கால காய்ச்சல. முப்பது வருஷத்துல கொதிக்கிற பாகை நான் ருசி பார்த்து நீங்க பார்த்திருக்கீங்களா? வெந்துபோயிடும்ங்க வாய். காதுலயும் விரல்லயும் காய்ச்சுறேன். அது எங்கயும் போகல."

"கருகினா வாடை தெரியணுமே?"

"வாடை வர்றப்போ கருகி முடிஞ்சிருக்கும். அதுக்கு முன்னாடியே சத்தம் மாறும்."

டிரைவர் தலையைச் சொறிந்தார். "எங்க டிப்போவுல கண்ணு பரீட்சை வைப்பாங்க. தூரத்துல எழுத்து எழுதி வச்சு, படின்னுவாங்க."

"வைங்க."

"என்னது?"

"பரீட்சை வைங்கன்றேன். எழுத்து எதுக்கு? சட்டியை வைக்கிறேன். நான் சுவரைப் பார்த்து நிக்கிறேன். உங்க தங்கச்சி தெர்மாமீட்டரோட நிக்கட்டும்."

தெர்மாமீட்டர் ஒன்று இருந்தது. சுகாதார அதிகாரி கேட்பார் என்று வாங்கி, ஆணியில் மாட்டி, தூசி தட்டுவதற்கு மட்டும் இறக்குவது. நாத்தனார் அதைத் துடைத்துச் சட்டியின் ஓரத்தில் செருகினாள். டிரைவர், கண்டக்டர் இல்லாத பஸ் மாதிரி, எங்கே நிற்பது என்று தெரியாமல் நடுவில் நின்றார். பாகம்மா சட்டியின் உட்சுவரை ஈரப் பிரஷ்ஷால் சுற்றித் துடைத்துவிட்டு (ஒரு சர்க்கரைத் துகள் உள்ளே விழுந்தாலும் மொத்தமும் மணலாகிவிடும்), தீயைக் கூட்டி, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எவ்வளவு காட்டணும் அண்ணி?"

"நூத்தி அம்பது. ஆனா நீ வாயைத் திறந்து நம்பர் சொல்லக் கூடாது."

"பேசக் கூடாதா? நானா?"

"இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்கோ."

தொளதொள சத்தம். மழை வெளியிலும் சட்டியிலுமாக. டிரைவர் ஒருமுறை தொண்டையைக் கனைத்தார், "சும்மா இருங்க" என்றாள். சத்தம் சிறுத்தது. கனத்தது. பாகம்மா, சுவரில் இருந்த பழைய காலண்டர் ஆணியைப் பார்த்தபடி, கையை மட்டும் இடுப்பில் வைத்துக்கொண்டாள். பொத். பொத்.

"இறக்கு."

நாத்தனார் சட்டியை இறக்கிவிட்டுத் தெர்மாமீட்டரைப் பார்த்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டு இன்னொருமுறை பார்த்தாள். "நூத்தி நாப்பத்தொம்பது."

"தெர்மாமீட்டர் ஒண்ணு குறைச்சுக் காட்டுது" என்றாள் பாகம்மா.

டிரைவர் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு, விடாமல், "பாகு சரி. புளிப்பு?" என்றார்.

பாகம்மா சட்டியைச் சாய்த்துப் பாகைக் கொட்டினாள். கல்மேல் பாகு பரவி, ஓரங்கள் மங்கி, மடிக்கிற பதத்துக்கு வந்துகொண்டிருந்தது. காத்திருக்கவும் முடியாது. ஏப்ரனிலிருந்து கயிற்றை அவிழ்த்தாள். முடிச்சு இருபத்தேழு வருடத்து முடிச்சு, விரலுக்கு மசியவில்லை. கத்தரிக்கோலால் வெட்டினாள். கரண்டியை நாத்தனார் முன்னால் நீட்டினாள்.

"நீ போடு."

"நானா? எனக்கு என்ன தெரியும்?"

"இருபத்தேழு வருஷமா என் மிட்டாயைத் திருடித் தின்னியே, அது வீண் போகாம இருக்கட்டும். இந்த ஊர்ல என் சரக்கை உன்ன மாதிரி தின்னவ யாரு? எவ்வளவு புளிப்பு இருந்தா என் மிட்டாய்னு உன் நாக்குக்குத் தெரியும்."

"தின்னது எல்லாம் தெரியுமா உங்களுக்கு?"

"ரேடியோ நிக்கும்ல."

பாகம்மா வேர்ச்சாற்றை ஊற்றி ஒரு மடிப்பு மடித்தாள். நாத்தனார் கரண்டியை வாங்கி, அரைக் கரண்டி போட்டாள். பாகம்மா மடித்தாள். துணுக்கு வெட்டிக் கொடுத்தாள். பட்டறை அமைதியாக இருந்தது. "இன்னும் கொஞ்சம்." மடித்தாள், துணுக்கு. "கசப்பு முன்னாடி வருது, அதைப் பின்னாடி தள்ளணும். கால் கரண்டி." மடித்தாள். மூன்றாவது துணுக்கை வாயில் போட்டவள், பேசவே இல்லை. கையை மட்டும் உயர்த்தி, போதும் என்று காட்டினாள். பாகம்மா அந்தக் கனத்த மஞ்சள் உருண்டையைச் சுவரில் இருந்த இரும்புக் கொக்கியில் வீசி மாட்டி, இழுத்து, மடித்து, மறுபடி வீசினாள். இழுக்க இழுக்க அது பட்டு மாதிரி வெளுத்து மினுங்கியது. டிரைவர் யாரும் சொல்லாமலே கத்தரிக்கோலுக்கு எண்ணெய் தடவி வைத்தார்.

சனிக்கிழமை காலை மருந்துக்கடைக்காரர் வந்து ஜாடிக்குள் கையை விட்டார். ஒவ்வொன்றும் தனித்தனியாக, காய்ந்து, கலகலத்தது.

"வாயில போடுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடுறேன்" என்றாள் பாகம்மா. "எனக்கு நாக்கு போயிடுச்சு. ருசி தெரியாது, வாசனை தெரியாது. பாகு என்னோடது, புளிப்பு இவளோடது."

அவர் கை நின்றது. "என்ன பாகம்மா சொல்ற? ருசி தெரியாத மிட்டாய்க்காரிகிட்ட நான் எப்படிச் சரக்கு வாங்குறது?"

"உங்க கடையில இருக்கிற மருந்தெல்லாம் நீங்க தின்னு பார்த்துத்தான் விக்கிறீங்களா?"

நாத்தனார் மேசையிலிருந்து, "தின்னிருந்தா இப்படியா ஒல்லியா இருப்பாரு?" என்றாள்.

மருந்துக்கடைக்காரர் பதிலுக்கு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாயில் மிட்டாயைப் போட்டுக்கொண்டார். ஏதோ பெரிய நியாயம் ஒன்று அவரிடம் தயாராக இருந்தது போலத்தான் இருந்தது, விரல்கூட உயர்ந்துவிட்டது. ஆனால் விரல் அப்படியே நின்றது. நெற்றி ஒருமுறை சுருங்கி, கசப்பு வந்தது போல, மறுபடி விரிந்தது. கண் ஜாடியின்மேல் போய் நின்றது.

நாத்தனார் பாகம்மாவைப் பார்த்தாள். டிரைவர் அவரைப் பார்த்தார். மருந்துக்கடைக்காரர் இன்னும் பேசவில்லை.

எப்படி இருக்கிறது என்று பாகம்மா கேட்கவில்லை. ஒரு கன்னம் புடைத்திருக்கிற அந்த அமைதியைப் பத்தொன்பது வயதிலிருந்து அவளுக்குத் தெரியும். அடுப்புப் பக்கம் திரும்பி, செப்புச் சட்டியில் அடுத்த ஜாடிக்கான சர்க்கரையைக் கொட்டினாள்.